நுனியில் மட்டும் ஆரஞ்சு போதாது

அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. குழலின் வாயில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் அடைப்பு வைக்க வேண்டும். அது வாயிலிருந்து 6 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கக் கூடாது. அடைப்பு வைக்க மனமில்லை என்றால், குழல் முனையைச் சுற்றி 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஆரஞ்சுப் பட்டை போட்டாலும் சரி. ஒரு கொண்டைக்கடலையைவிடக் குறுகலான பட்டை. மற்றபடி கைப்பிடி, விசை, உடல் எல்லாம் அசல் துப்பாக்கியை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்கலாம். சட்டம் கேள்வி கேட்காது.

இந்தச் சட்டம் போதவில்லை, இதை மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இங்கே பிள்ளை வளர்க்கும் தமிழர்கள் இதைப் படிக்க வேண்டும். பேரன் பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு வரும் தாத்தா பாட்டிகளும் படிக்க வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் இது என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அசல் துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்க்க விரும்பாத வீட்டுக்குள்ளும் அது பொம்மை வடிவில் வந்து சேர்ந்துவிடுகிறது.

நான் இருப்பது ஒஹாயோ மாநிலம். எங்கள் மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரம் நம்மவர்களுக்குத் தியாகராஜ ஆராதனையால் பழக்கம். ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் கச்சேரி கேட்கவும் போட்டியில் பாடவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தூரத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அதே நகரின் மேற்குப் பகுதியில் கடெல் பொழுதுபோக்கு மையம் என்று ஒரு கட்டடமும் அதை ஒட்டிப் பூங்காவும் இருக்கின்றன. 2014 நவம்பர் 22, சனிக்கிழமை பிற்பகல், டமிர் ரைஸ் என்ற 12 வயதுக் கறுப்பினப் பையன் அங்கே விளையாடிக்கொண்டிருந்தான். கையில் ஓர் ஏர்சாஃப்ட் துப்பாக்கி. சின்னப் பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுடுவது. பார்வைக்கு கோல்ட் 1911 கைத்துப்பாக்கியேதான். சிநேகிதனிடமிருந்து வாங்கிவந்தது. முனையில் இருக்க வேண்டிய ஆரஞ்சு அதில் இல்லை.

பூங்காவிலிருந்த ஒருவர் 911-க்குப் போன் செய்தார். ஒருவன் துப்பாக்கியை ஆட்கள்மீது நீட்டுகிறான் என்றார். அது அநேகமாகப் போலியாக இருக்கும் என்றும், அவன் அநேகமாகச் சிறுவனாக இருப்பான் என்றும் சேர்த்தே சொன்னார். இந்த இரண்டு தகவலும் ரோந்துக் காரில் இருந்த போலீசாருக்குப் போய்ச் சேரவில்லை. கார் புல்வெளிமீது ஏறிவந்து பையனுக்கு மிகப் பக்கத்தில் நின்றது. வந்து நின்ற 2 விநாடிக்குள் சுட்டுவிட்டார்கள். தம்பியை நோக்கி ஓடிவந்த 14 வயது அக்காவைக் கீழே தள்ளி, கைவிலங்கு மாட்டிக் காரில் உட்காரவைத்தார்கள். மறுநாள் டமிர் இறந்துபோனான்.

2015 டிசம்பரில் கிராண்ட் ஜூரி யார்மீதும் வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. 2016-இல் நகர நிர்வாகம் அந்தக் குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த 2 விநாடியைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். காரை அவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தியது யார் குற்றம் என்று கேட்டால், போலீசாரின் குற்றம்தான். தள்ளி நின்று, மறைவில் இருந்துகொண்டு ஒலிபெருக்கியில் பேசியிருக்கலாம். கறுப்பினப் பிள்ளையை அவன் வயதைவிடப் பெரியவனாகவும் ஆபத்தானவனாகவும் பார்க்கும் கண் இந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஆனால் சட்டம் இன்னொன்றையும் நம்பியிருந்தது: முனையில் 6 மில்லிமீட்டர் ஆரஞ்சு இருந்தால் போலீஸ்காரர் பார்த்துத் தெரிந்துகொள்வார் என்று. இடுப்பில் செருகிய துப்பாக்கியின் முனை எப்படித் தெரியும்? உருவும்போது குழல் கீழ்நோக்கி இருக்கும். நீட்டினால் எதிரே நிற்பவருக்கு வட்டமான ஒரு வாய் மட்டும் தெரியும். மாலை மங்கலில் அந்த வட்டத்தின் நிறத்தைக் கவனிக்க யாருக்கு அவகாசம்?

அவகாசம் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றமும் வற்புறுத்துவதில்லை. 1989 மே 15 அன்று, கிரஹாம் எதிர் கானர் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. போலீஸ்காரர் பயன்படுத்திய பலம் நியாயமா என்பதை, அந்தக் கணத்தில் அந்த இடத்தில் நிற்கும் ஓர் அதிகாரியின் பார்வையிலிருந்து எடைபோட வேண்டும். பிறகு தெரியவந்ததை வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. பையன் கையில் இருந்தது பொம்மை என்பது எப்போதும் பிறகு தெரியவரும் விஷயம். ஆகவே அது கணக்கில் வராது. ஆரஞ்சு முனை விதி நடைமுறைக்கு வந்தது இந்தத் தீர்ப்புக்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, 1989 மே 5-இல். அதற்குப் பிறகு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, பழைய பொம்மைகளின் விஷயத்துக்கு வருகிறேன். பலரும் யோசிக்காத இடம் இது.

எங்கள் பக்கத்தில் சின்ன ஊர்களில்கூட 'ஆன்டிக் மால்' இருக்கும். பழைய தையல் இயந்திரம், கோகோ கோலா தகரப் பலகை, யாரோ ஒருவருடைய பாட்டியின் பீங்கான் தட்டு எல்லாம் விற்பார்கள். அப்படி ஒரு கடையில் கண்ணாடி அலமாரியைத் திறந்து விற்பனைக்காரர் ஒரு கேப் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். 1950-களில் வந்தது. துத்தநாகக் கலவையில் வார்த்தது. தூக்கும்போது மணிக்கட்டு சற்றே இறங்குகிறது. கைப்பிடியில் மான்கொம்பு மாதிரி வெளிர்மஞ்சள் பிளாஸ்டிக். பின்னால் உள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்தால் ஆறு அறை உருளை ஒரு பல் நகர்ந்து 'க்ளிக்' என்று நிற்கிறது. புதிதாக இருந்தபோது நிக்கல் பூச்சு கண்ணாடிபோல் மின்னியிருக்கும். அந்தப் பளபளப்பே 'நான் பொம்மை' என்று சொல்லியிருக்கும். இப்போது விரல் படும் இடங்களில் எல்லாம் பூச்சு தேய்ந்து, உள்ளேயிருக்கும் மங்கிய சாம்பல் நிறம் வெளியே வந்துவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் படிந்து, யாரோ பல காலம் பயன்படுத்திய ரிவால்வர் மாதிரியே இருக்கிறது. வயதாக ஆக இந்தப் பொம்மைகள் அசலுக்கு நெருக்கமாகிக்கொண்டே போகின்றன. முனையில் ஆரஞ்சு கிடையாது. எப்போதுமே இருந்ததில்லை.

இவை ஒன்றிரண்டு அபூர்வப் பொருட்கள் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெஸ்டர்ன் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் அமெரிக்கப் பையன்களைப் பிடித்து ஆட்டிய காலத்தில் இவை வீட்டுக்கு வீடு இருந்தன. பென்சில்வேனியாவின் ஹப்லி, டெக்சாஸின் நிக்கல்ஸ், இன்று பார்பி பொம்மைக்குப் பெயர்போன மாட்டெல் என்று பல நிறுவனங்கள் போட்டி போட்டுச் செய்தன. நிக்கல்ஸின் 'ஸ்டாலியன் 45', மாட்டெலின் 'ஃபேனர் 50' போன்றவற்றுக்கு இன்றும் சேகரிப்பாளர்கள் தவம் கிடக்கிறார்கள். வியட்நாம் போர்க் காலத்தில் மாட்டெல் எம்-16 ராணுவத் துப்பாக்கியின் சாயலில் ஒரு பொம்மையையே கொண்டுவந்தது. அதே காலகட்டத்தில் ஜப்பானில் செய்த உலோக மாடல் துப்பாக்கிகளும் இங்கே இறக்குமதியாயின. அவற்றைக் கழற்றி மாட்டலாம். எடையும் அளவும் அசலுக்கு மிக நெருக்கம்.

1988 நவம்பருக்கு முன் செய்து சந்தைக்கு வந்துவிட்ட எதற்கும் ஆரஞ்சு விதி பொருந்தாது. அந்தத் தலைமுறைப் பையன்கள் இன்று எழுபதைத் தாண்டிய தாத்தாக்கள். வீட்டைக் காலி செய்கிறார்கள், அல்லது இறந்துபோகிறார்கள். பரணில் கிடந்த பெட்டிகள் கராஜ் சேலுக்கு வருகின்றன. பத்து, இருபது டாலருக்கு மேசைமீது கிடக்கும். ஒரு பையன் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போனால் தடுக்க யாருமில்லை, தடுக்கச் சொல்லும் கூட்டாட்சி விதியும் இல்லை. பழைய பெயின்டில் ஈயம் இருக்குமோ என்ற பயம் வேறு. பொம்மைகளுக்கு ஈயப் பெயின்ட் பூசுவதை இங்கே தடை செய்ததே 1978-இல்தான். இருந்தாலும் ஈயத்தைவிடப் பெரிய ஆபத்து அதன் உருவத்தில் இருக்கிறது.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று தெரிந்தால், அது ஏன் இவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்பதும் புரியும். 1983-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்டன் நகரில், அம்மா வேலைக்குப் போயிருந்த வீட்டில் 5 வயதுக் குழந்தை ஒன்று தனியாக இருட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் என்ன ஆயிற்று என்று பார்க்கப் போன போலீஸ்காரர், குழந்தையின் கையிலிருந்த பொம்மைத் துப்பாக்கியைப் பார்த்துச் சுட்டுவிட்டார். 1987 ஏப்ரலில் அதே மாநிலத்தின் ராஞ்சோ குகமொங்காவில் லேசர் டேக் விளையாடிக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் போலீஸ் குண்டுக்குப் பலியானார். அதே ஆண்டு ஆகஸ்டில், பர்பாங்கில் தொலைக்காட்சிச் செய்தி நேரலையாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு ஆள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தான். நுகர்வோர் செய்தியாளர் டேவிட் ஹோரோவிட்ஸின் முதுகில் துப்பாக்கியை வைத்து, தான் எழுதிக் கொண்டுவந்ததைப் படிக்கச் சொன்னான். படித்து முடித்த பிறகுதான் அது போலித் துப்பாக்கி என்று தெரிந்தது. அதன் பிறகு ஹோரோவிட்ஸே இந்தப் பொம்மைகளைத் தடை செய்யச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்.

மாநிலங்களும் நகரங்களும் ஆளுக்கொரு தடை கொண்டுவரத் தொடங்கின. காங்கிரஸ் 1988 நவம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. எரிசக்தி நிர்வாகம் பற்றிய ஒரு சட்டத்தின் நாலாவது பிரிவாக, போகிற போக்கில் சேர்த்தார்கள். அதில்தான் ஆரஞ்சு முனை வந்தது. கூடவே இரண்டு விதிவிலக்குகளும் வந்தன. காற்றழுத்தத்தால் சுடும் பிபி, பெயின்ட்பால், பெல்லெட் துப்பாக்கிகளுக்கு எந்த அடையாளமும் வேண்டாம். 1898-க்கு முந்தைய துப்பாக்கிகளின் சேகரிப்பு மாதிரிகளுக்கும் வேண்டாம். அதோடு விட்டார்களா? இந்த இரண்டையும் எந்த மாநிலமும் தடை செய்யக் கூடாது என்று வாயையும் கட்டினார்கள். பிபி துப்பாக்கியைச் சிறுவர்களுக்கு விற்காதே என்று மட்டும் மாநிலம் சொல்லலாம். அதற்கு மேல் போய் விற்பனையையே நிறுத்த முடியாது.

அந்தச் சட்டம் கேட்ட ஆய்வை நீதித் துறையின் புள்ளிவிவரப் பிரிவு 1990 ஜூனில் வெளியிட்டது. 1985 தொடக்கத்திலிருந்து 1989 செப்டம்பர் வரை, கேள்விக்குப் பதில் அனுப்பிய போலீஸ் துறைகளின் கணக்கு மட்டும் அது. போலித் துப்பாக்கியைக் காட்டி நடந்த கொள்ளைகள் 5,654. போலியை அசல் என்று நம்பிப் போலீசார் பலப்பிரயோகம் செய்வதாக எச்சரித்த அல்லது மிரட்டிய சம்பவங்கள் 1,128. உண்மையிலேயே பலத்தைப் பயன்படுத்தியவை 252. இவ்வளவும் தெரிந்த பிறகும் 6 மில்லிமீட்டர் 6 மில்லிமீட்டராகவே நின்றது. 2016 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் தன் பங்குக்கு எண்ணிப் பார்த்தது. இரண்டே ஆண்டுகளில், அசலைப் போன்ற போலித் துப்பாக்கி வைத்திருந்த 86 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

ஆரஞ்சு முனை எப்படியெல்லாம் காணாமல் போகும் என்பதற்கு கலிபோர்னியாவின் சான்டா ரோசாவில் நடந்தது இன்னொரு சாட்சி. 2013 அக்டோபர் 22. 13 வயது ஆண்டி லோபெஸ், சிநேகிதனுக்குச் சொந்தமான ஏகே-47 மாதிரி ஏர்சாஃப்ட் துப்பாக்கியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு பட்டப்பகலில் நடந்து போனான். ஆரஞ்சு முனை எப்போதோ உடைந்து விழுந்திருந்தது. பின்னால் வந்த ஷெரிஃப் துறை அதிகாரி 8 முறை சுட்டார்; 7 குண்டுகள் பாய்ந்தன. பிளாஸ்டிக் முனை உடையும் என்பது பிள்ளை வளர்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரம் உருண்டு புரண்டால் எந்தப் பொம்மையிலும் முதலில் போவது துருத்திக்கொண்டிருக்கும் முனைதான். பையன்களே கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசிவிடுவதும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அசல்போல் இருக்க வேண்டும் என்பதுதானே அந்த விளையாட்டின் ஆசை.

விதிவிலக்கு என்ன செய்யும் என்பதைப் பார்க்க மறுபடி ஒஹாயோவுக்கே வர வேண்டும். 2014 ஆகஸ்ட் 5. டேட்டன் நகருக்கு அருகே பீவர்கிரீக்கில் ஒரு வால்மார்ட் கடை. 22 வயது ஜான் கிராஃபோர்டு, அட்டைப் பெட்டியில்லாமல் அலமாரியில் கிடந்த ஒரு காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, செல்போனில் பேசியபடி கடைக்குள் நடந்துகொண்டிருந்தார். அது அந்தக் கடையே விற்கும் சரக்கு. யாரோ 911-க்குப் போன் செய்ய, வந்த போலீசார் சுட்டுக் கொன்றார்கள். கலவரத்தில் வெளியே ஓடிய இன்னொரு பெண்மணி மாரடைப்பில் இறந்தார். ஒஹாயோவில் அசல் துப்பாக்கியையே வெளியில் தெரியும்படி எடுத்துக்கொண்டு நடப்பது சட்டப்படி குற்றமில்லை. அப்படிப்பட்ட மாநிலத்தில், விற்பனைக்கு வைத்திருந்த ஒரு பொருளைக் கையில் எடுத்ததற்காக ஒருவர் உயிர் போயிற்று. அந்தப் பொருளில் ஆரஞ்சு இருக்க வேண்டும் என்று எந்தக் கூட்டாட்சி விதியும் கேட்கவில்லை.

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். அசல் துப்பாக்கிக்கே ஆரஞ்சு பூசிக்கொண்டு கொள்ளைக்காரன் வருவானே, அப்போது போலீஸ்காரர் தயங்கினால் அவர் கதி என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான பயம்தான், அசல் துப்பாக்கிகளுக்கு வண்ணம் பூசிப் பிடிபட்டவர்களும் உண்டு. ஆனால் முனையில் ஒரு துளி பூசி ஏமாற்றுவது மிகச் சுலபம். முழுத் துப்பாக்கியும் ஊதா பிளாஸ்டிக்காக, வடிவத்திலேயே பொம்மையாக இருந்தால் ஏமாற்றுவது அவ்வளவு எளிதில்லை. நிறம் என்பது போலீசாரின் முடிவுக்கு உத்தரவாதம் என்று நான் சொல்ல வரவில்லை. போன் செய்பவருக்கும் அது உதவும். பூங்காவில் ஒரு பையன் கையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு சாமானைப் பார்ப்பவர் 911-க்குப் போனே செய்யமாட்டார். பல உயிர்கள் தப்புவது அந்த இடத்தில்தான்.

சேகரிப்பாளர்களின் வருத்தமும் எனக்குப் புரிகிறது. தன் சின்ன வயதின் ஸ்டாலியன் 45-ஐ அலமாரியில் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போய், அதற்கு ஆரஞ்சு பூசு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டன் இதற்கு வழி கண்டிருக்கிறது. 2006-இல் இயற்றி, 2007 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்திய சட்டப்படி, அசலைப் போன்ற போலித் துப்பாக்கிகளைச் செய்வதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் அங்கே குற்றம். அருங்காட்சியகம், நாடகம், திரைப்படம், வரலாற்று நடிப்புக் குழுக்கள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஏற்கெனவே வைத்திருப்பவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். போலி எதுவானாலும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது. பொம்மை என்றால் பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம், அல்லது கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய வேண்டும். லண்டன் தமிழர்கள் வாழும் நாட்டில் இது நடைமுறையில் இருக்கிறது. டொரன்டோ தமிழர்கள் வாழும் கனடாவில், அசல் துப்பாக்கியைத் துல்லியமாக ஒத்திருக்கும் மாதிரிகள் தடை செய்யப்பட்ட சாதனம். புதிதாக இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. பழங்காலத் துப்பாக்கிகளின் மாதிரிகளுக்கு விலக்கு உண்டு. ஜப்பானோ, தன் தொழிற்சாலைகள் செய்துகொண்டிருந்த அந்த உலோக மாடல் கைத்துப்பாக்கிகளின் குழலை அடைத்து, உடல் முழுவதையும் வெள்ளை அல்லது மஞ்சள் ஆக்க வேண்டும் என்று 1971-லேயே சட்டம் போட்டுவிட்டது.

அமெரிக்காவுக்குள்ளேயே நியூயார்க் நகரில் கறுப்பு, கருநீலம், வெள்ளி, அலுமினிய நிறப் பொம்மைத் துப்பாக்கிகளை விற்கக் கூடாது. அந்த மாநிலத்தின் விதிகளை மீறி விற்றதற்காக 2015-இல் பெரிய சில்லறை வணிக நிறுவனங்களும் ஓர் இணைய நிறுவனமும் சேர்ந்து 3 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. ஆண்டி லோபெஸ் இறந்த பிறகு கலிபோர்னியாவும் தன் சட்டத்தை இறுக்கியது. 2016 முதல் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளுக்கு முனையோடு விசைக்காப்பிலும் கைப்பிடியிலும் பளிச்சென்ற நிறம் வேண்டும். ஒஹாயோவில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு உயிர்களை நான்கே மாதத்துக்குள் பறிகொடுத்த மாநிலம் இது.

நம் வீடுகளுக்கு இந்த ஆபத்து வர இன்னொரு வாசலும் இருக்கிறது. தீபாவளித் துப்பாக்கி. பொட்டு வெடியை விமானத்தில் கொண்டுவர முடியாது; துப்பாக்கி பெட்டிக்குள் வந்துவிடுகிறது. அசல்போல் தெரியும் பொம்மைத் துப்பாக்கியைக் கைப்பையில் வைத்தால் இங்கே விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் விடமாட்டார்கள் என்பதால் பெரிய பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். ஊரில் கறுப்பும் வெள்ளியுமாகத் தகரத்திலோ கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ வரும் அந்தத் துப்பாக்கிக்கு ஆரஞ்சு முனை இருக்க வேண்டும் என்று செய்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. தெருவில் பத்துப் பிள்ளைகள் அதே துப்பாக்கியோடு ஓடும் ஊரில் அதைப் பார்த்து யாரும் பயப்படமாட்டார்கள். இங்கே அக்டோபர், நவம்பரில் மாலையிலேயே இருட்டிவிடும். கோயிலின் வாகன நிறுத்துமிடத்திலோ அடுக்ககத்தின் பின்புறத்திலோ ஒரு பையன் அதை நீட்டிக்கொண்டு இன்னொருவனைத் துரத்தினால், ஜன்னல் வழியே பார்க்கும் அண்டை வீட்டாருக்குத் தீபாவளி தெரியாது. துப்பாக்கிதான் தெரியும்.

கறுப்பினப் பிள்ளைகளுக்குத்தானே இப்படி நடக்கிறது என்று நம்மில் சிலர் மனதுக்குள் ஆறுதல் தேடுவதுண்டு. அந்த ஆறுதல் நியாயமும் இல்லை, உண்மையும் இல்லை. 2024 ஜூன் 28 இரவு, நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில் 13 வயதுப் பையன் ஒருவன் சாகடிக்கப்பட்டான். மியான்மரிலிருந்து அகதிகளாக வந்த கரேன் இனக் குடும்பம். போலீசார் நிறுத்தி விசாரித்தபோது பையன் பயந்து ஓடினான். கையில் இருந்தது கிளாக் கைத்துப்பாக்கியை அப்படியே ஒத்த பெல்லெட் துப்பாக்கி. துரத்திக் கீழே தள்ளிப் பிடித்த நிலையில் ஒரு போலீஸ்காரர் மார்பில் சுட்டார். குண்டுச் சத்தத்துக்குத் தப்பி, உயிரைப் பிடித்துக்கொண்டு வேறு நாட்டுக்கு வந்து சேர்வது என்றால் என்ன என்று ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி வந்த ஒரு வீட்டில் இது நடந்தது.

ஆகவே என் கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறேன். பொம்மைத் துப்பாக்கியின் முழு உடலும் பளிச்சென்ற நிறத்திலோ ஊடுருவித் தெரியும்படியோ இருக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய யோசனை அல்ல. இப்போதுள்ள விதியிலேயே இந்த இரண்டும் ஆரஞ்சு முனைக்கு மாற்றாக அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, ஊதா என்று நிறங்களைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதால், அசல்போல் தெரியவேண்டும் என்று நினைப்பவர் 6 மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வை எடுத்துவிட்டால் போதும். காற்றுத் துப்பாக்கிகளுக்கான விதிவிலக்கையும், மாநிலங்களின் கையைக் கட்டும் வாசகத்தையும் நீக்க வேண்டும். அதற்குக் காங்கிரஸ் மனம்வைக்க வேண்டும்.

பழைய பொம்மைகளின் மறுவிற்பனையை மாநிலமே பார்த்துக்கொள்ளலாம். கடையிலோ சந்தையிலோ இணையத்திலோ, ஆரஞ்சு இல்லாத பழைய துப்பாக்கியை 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் கொடுக்கக் கூடாது. பெரியவர்களுக்கு விற்கும்போதும் இது வெளியே எடுத்துப்போகத் தக்கதல்ல என்ற எச்சரிக்கைச் சீட்டு கட்டாயம் இருக்க வேண்டும். 911 நிலையங்களில், துப்பாக்கி போலியாக இருக்கலாம் என்றோ, ஆள் சிறுவனாக இருக்கலாம் என்றோ போன் செய்பவர் சொன்னால், அதைப் போலீசாருக்குச் சொல்லாமல் விடுவது தண்டனைக்குரிய தவறாக வேண்டும். ஊர்ப் போலீஸ் நிலையங்கள் அசல் துப்பாக்கிகளைத் திரும்பப் பெறும் நாள் நடத்துவதுபோல, இந்தப் பொம்மைகளைக் கொடுத்துவிட்டுப் பந்தோ புத்தகமோ வாங்கிக்கொள்ளும் நாளும் நடத்தலாம். தமிழ்ச் சங்கங்கள் தீபாவளிக்கு முந்திய வாரம் இதை முன்னின்று செய்தால் போலீசார் மறுக்கமாட்டார்கள்.

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் செய்ய வேண்டியதும் உண்டு. வீட்டில் இப்படிப்பட்ட பொம்மை இருந்தால் நன்கொடைக் கடைக்குக் கொடுக்காதீர்கள். அது இன்னொரு பையன் கைக்குத்தான் போகும். குழலை அறுத்துக் குப்பையில் போடுங்கள். ஊரிலிருந்து வருபவர்களிடம் கறுப்புத் துப்பாக்கி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளைகளிடம், சிநேகிதன் வீட்டுத் துப்பாக்கியைத் தெருவுக்கு எடுத்து வராதே என்று காரணத்தோடு சொல்லுங்கள். டமிருக்கும் ஆண்டிக்கும் அது சிநேகிதனிடமிருந்தே வந்தது. பூங்காவில் ஒரு சிறுவன் கையில் துப்பாக்கிபோல் எதையாவது பார்த்து 911-ஐக் கூப்பிட்டால், அவன் வயது என்ன இருக்கும், அது பொம்மையாக இருக்குமா என்று உங்களுக்குத் தோன்றுவதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். போலீசாருக்கு அனுப்பினீர்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் காங்கிரஸ் பிரதிநிதிக்கும் இரண்டு செனட்டர்களுக்கும் கடிதம் எழுதுங்கள். குடியுரிமை இல்லாதவர்களும் எழுதலாம். வாக்கு இல்லையென்றாலும் அந்தத் தொகுதியில் வாழ்பவர்கள்தான். கடிதத்தில் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 15-ஆவது தலைப்பு, 5001-ஆவது பிரிவு என்று குறிப்பிட்டால் அவர்களின் அலுவலகத்தில் தேட வேண்டியிருக்காது. ஆரஞ்சு முனை விதியை இப்போது நிர்வகிப்பது நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். அதே கடிதத்தின் நகல் ஒன்றை அங்கேயும் அனுப்புங்கள்.